ஆள் துணை இல்லாமல் ஒரு புத்தகம்

எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தரச் சாலையில் ஒரு தேர் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே எத்தியோப்பிய அரசியின் கருவூல அதிகாரி. கையில் ஏசாயாவின் சுருள். அந்தக் காலத்து வழக்கப்படி வாய்விட்டு வாசிக்கிறார். பிலிப்பு என்ற ஒருவர் தேர் பக்கத்தில் ஓடிவந்து, வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். யாரும் சொல்லித்தராமல் எப்படிப் புரியும் என்று அதிகாரி திருப்பிக் கேட்டுவிட்டு, பிலிப்பைத் தேரில் ஏற்றிக்கொள்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள், எட்டாம் அதிகாரம்.

இந்தக் காட்சி தமிழில் முதன்முதலாக அச்சானது 1714-ல், தரங்கம்பாடியில். சீகன்பால்கு நான்கு நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் அந்த வருடம் அச்சிட்டார். அடுத்த வருடம் புதிய ஏற்பாடு முழுவதும் வந்தது. ஆக, தமிழில் அச்சான முதல் பைபிள் பகுதிக்குள்ளேயே 'தனியாகப் படித்தால் புரியுமா?' என்ற கேள்வியும் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பதில் போனது. அதைச் சொல்லாமல் 'பைபிளை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்' என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர் என்றால் விருத்தாசலம். பீங்கான் ஊர், பழமலைநாதர் ஊர், ரயில் ஜங்ஷன்.

கேள்வியைக் கேட்பவர்களும் இந்த மாதிரி ஊர்க்காரர்கள்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், நர்சிங் படிக்கிற பெண். வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை, அல்லது இருந்தும் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் பேச்சில்லை. தஸ்தயேவ்ஸ்கி படிக்கப்போய் பைபிள் பக்கம் வந்தவர்கள் உண்டு. கோயிலுக்கோ சபைக்கோ போய்க் கேட்கக் கூச்சம். கேட்டால் வேறு எதற்காவது இழுத்துவிடுவார்களோ என்ற பயம். போனில் செயலி இருக்கிறது, புத்தகமும் மலிவு. ஆள்தான் இல்லை.

முதலில் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் கப்பலிலிருந்து இறங்கியபோது சீகன்பால்கு இருபதுகளின் நடுவில் இருந்தார். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிக் கற்றுக்கொண்டார். 1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-ல் முடித்தார். எழுத்துருக்கள் ஜெர்மனியின் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகாமல், இங்கேயே சின்ன எழுத்துகள் வார்த்தார்கள். இவ்வளவு பாடு எதற்கு? லூத்தரின் வழிவந்தவர்களுக்கு ஒரு மனிதனுக்கும் வேதத்துக்கும் நடுவில் ஆள் நிற்கக்கூடாது. குயவனும் செம்படவனும் தன் மொழியில் தானே வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டுமென்றால் எழுத்துத் தெரிய வேண்டும், அதனால் பள்ளிக்கூடம். பெண்களும் வாசிக்க வேண்டும், அதனால் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம். புத்தகம், அச்சகம், பள்ளி மூன்றும் அங்கே ஒரே வேலையின் மூன்று பக்கங்கள்.

இதற்கு முன் தமிழில் அச்சு இல்லையா என்றால், இருந்தது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் வந்த முதல் அச்சு நூல், பதினாறே பக்கம். ஆனால் அது மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டிய மந்திரங்களும் போதனையும். பைபிள் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபை 1564-லேயே, தாய்மொழி பைபிளை விசுவாசிகள் வாசிக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்று விதி போட்டிருந்தது.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம். விருத்தாசலத்துக்கு அருகில் கோணான்குப்பம். பெரியநாயகி மாதா கோயில் என்றால் இந்த வட்டாரத்தில் எல்லா மதத்துக்காரருக்கும் தெரியும். கட்டியவர் வீரமாமுனிவர் என்கிற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இத்தாலிக்காரர், யேசு சபைத் துறவி, சீகன்பால்குவைவிட இரண்டு வயது மூத்தவர். காட்டில் கிடைத்த மாதா சொரூபம், பிள்ளையில்லாமல் இருந்த முகாசாபரூர் கச்சிராயருக்குப் பிள்ளை வரம் என்று கோயிலைச் சுற்றி ஊர்க்கதைகள் நிறைய. மாதா இங்கே சேலை கட்டியிருக்கிறாள். விருத்தாசலம் கோயிலில் அம்மன் பெயரும் பெரியநாயகிதான். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இந்த மனிதர்தான் 'தேம்பாவணி' எழுதியவர். மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். நாயகன் யோசேப்பு, தமிழில் வளன். ஒரு விஷயம் கவனியுங்கள். நான்கு நற்செய்திகளிலும் யோசேப்பு வாய்திறந்து பேசியதாக ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான். அந்த மௌனத்தின் மேல் 3,615 விருத்தம் கட்டியிருக்கிறார் பெஸ்கி. அதற்கான சரக்கில் ஒரு பகுதி பைபிளிலிருந்தே வந்ததல்ல. 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கன்னியாஸ்திரி ஆகிரேடாவின் மரியாளின் நூலிலிருந்து வந்தது. மீதி சிந்தாமணியிலிருந்தும் கம்பனிலிருந்தும் வந்த தமிழ்க் காவிய மரபு.

கோணான்குப்பத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு பக்கம் யாரும் எடுத்து வாசிக்கலாம் என்று வசனநடையில் அச்சடித்த புத்தகம். இன்னொரு பக்கம் கற்றறிந்தவர் எடுத்துச் சொல்லக் கேட்க வேண்டிய காவியம். பெஸ்கி தரங்கம்பாடிக்காரர்களை மறுத்து 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்' என்று காரசாரமான உரைநடை நூல்களும் எழுதினார். அவர்களுடைய தமிழ் அவருக்குச் சகிக்கவில்லை. கொச்சை, பிழை, வேதத்துக்கு அவமானம் என்பது அவர் கட்சி. படித்துப் பார்த்தால் அவர் எரிச்சல் நியாயமாகவும் படுகிறது: மொழியில் அவர் மேதை, சீகன்பால்கு அப்படி இல்லை. ஆனால் சண்டையின் அடியில் இருந்தது தமிழ் நடை மட்டும்தானா? திருச்சபையின் விளக்கம் இல்லாமல் ஒரு மனிதன் தானே வேதத்தைத் திறந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் இருந்தது. ஆளாளுக்கு ஒரு அர்த்தம், ஆளாளுக்கு ஒரு சபை. இன்று எந்தச் சின்ன ஊரிலும் தெருவுக்கு மூன்று சபைப் பலகைகளைப் பார்க்கிறவருக்கு அந்தக் கவலையை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவரும் எங்கள் ஊர்க்காரர். அந்த நாவலின் ஆரோக்கியத்துக்கு மதம் புத்தகத்தில் இல்லை; கோயிலிலும் அந்தோணியாரிடமும் முறையிடுவதிலும் இருக்கிறது. இந்த மண்ணில் பெரும்பாலானவர்களின் கிறிஸ்தவம் அதுதான். தனியாக வாசிப்பது என்பது இங்கே பின்னால் வந்த பழக்கம்.

கத்தோலிக்கப் பக்கத்தில் கதவு முழுதாகத் திறந்தது 1965-ல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் எல்லா விசுவாசிகளுக்கும் வேதம் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பும் கத்தோலிக்கத் தமிழாக்கங்கள் இருந்தன. ஆனால் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டும் சேர்ந்து செய்த 'திருவிவிலியம்' வந்தது 1995-ல். 1715-லிருந்து கணக்குப் போட்டால் 280 வருடம்.

சரி, இப்போது புத்தகத்தைத் திறப்போம். எல்லோரும் செய்கிற முதல் காரியம், முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது. நாவலுக்கு அது சரி. இங்கே அதற்கு ஒரு பிரபலமான பலி உண்டு. லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி, மான்செஸ்டரிலிருந்து வந்த ஒரு நல்ல கிறிஸ்தவரிடம் பைபிள் வாங்கினார். வரைபடம், சொல்லடைவு எல்லாம் உள்ள பதிப்பு. ஆதியாகமத்தை முடித்தார். அதற்குப் பிறகு வந்த பகுதிகள் அவரைத் தூங்கவைத்தன. படித்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காக, ருசியே இல்லாமல் தள்ளிக்கொண்டு போனதாகவும் எண்ணாகமம் பிடிக்கவே இல்லை என்றும் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். புதிய ஏற்பாட்டுக்கு வந்து மலைப்பிரசங்கத்தைத் தொட்டதும் நிலைமை தலைகீழ். நேரே நெஞ்சுக்குள் போய்விட்டது. அந்த மூன்று அதிகாரங்கள் அவரை எங்கே கொண்டுபோயின என்பது ஊருக்கே தெரியும். எண்ணாகமத்தில் அவர் மூடி வைத்திருந்தால்?

பைபிள் ஒரு புத்தகம் இல்லை, நூலகம். கிரேக்க மூலச் சொல்லே பன்மைதான், 'நூல்கள்'. புரொட்டஸ்டன்ட் பைபிளில் 66, கத்தோலிக்க பைபிளில் 73. கன்னிமாரா நூலகத்துக்குள் போய் முதல் அலமாரியின் முதல் புத்தகத்திலிருந்து யாரும் வாசிப்பதில்லை. அதிகார எண்களும் எழுதியவர்கள் போட்டதில்லை. அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. வசனம் வசனமாகப் பிய்த்து ஸ்டேட்டஸ் வைக்கிற நம் பழக்கத்துக்கு அவரும் ஒரு பொறுப்பாளி. முதல் வாசிப்பில் எண்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

நான் சொல்வது மாற்கிலிருந்து தொடங்குங்கள் என்று. பதினாறே அதிகாரம், நான்கு நற்செய்திகளில் சின்னது. ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். முடித்தே ஆக வேண்டும், தவணை முறை கூடாது. அறிஞர்களில் பெரும்பாலோர் நான்கில் மூத்தது இதுவே என்கிறார்கள், ஏறத்தாழ கி.பி. 70. பிறப்புக் கதை இல்லை, தொழுவம் இல்லை, நட்சத்திரம் இல்லை. எடுத்த எடுப்பில் யோர்தான் ஆறு. 'உடனே' என்ற சொல் கிரேக்கத்தில் நாற்பது தடவைக்கு மேல் வருகிறது. ஆள் மூச்சுவாங்கிக்கொண்டே கதை சொல்வதுபோல இருக்கும். வாய்விட்டு வாசித்தால் அந்த வேகம் நன்றாகப் பிடிபடும். தேரில் போன அதிகாரியும் அப்படித்தானே வாசித்தார்.

முடித்த பிறகு இரண்டாவது வேலை. மாற்கு ஆறாம் அதிகாரத்தில் இயேசு சொந்த ஊருக்கு வருகிறார். இவன் தச்சன்தானே, இவன் தம்பிகள் நமக்குத் தெரியாதவர்களா என்று ஊர்க்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அங்கே சிலரைக் குணமாக்கியதைத் தவிர, வல்ல செயல் எதையும் அவரால் செய்ய முடியவில்லை என்கிறார் மாற்கு. இதே சம்பவத்தை மத்தேயு 13-ஆம் அதிகாரத்தின் முடிவில் பாருங்கள். அங்கே, அவர் அதிகம் செய்யவில்லை. முடியவில்லை, செய்யவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம், இரண்டு பக்கங்களில் விரல் வைத்துக்கொண்டால் போதும். மாற்கின் பெரும்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மத்தேயு எழுதினார் என்ற ஆய்வாளர்களின் ஊகம் எதன் மேல் நிற்கிறது என்பது அப்போது தானாகவே விளங்கும். நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையில் இதற்கு 'டிஃப்' என்று பெயர். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரியை எவன் மாற்றினான், ஏன் மாற்றினான் என்று பார்ப்பது. ஒரு நிரலைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

டிஃப் இன்னொரு இடத்திலும் உதவும். அது தமிழ்.

கடையில் பரவலாகக் கிடைக்கும் தமிழ் பைபிளைத் திறந்ததும் பலர் பயந்துபோகிறார்கள். ஞானஸ்நானம், அப்போஸ்தலர், சீஷர், ஸ்திரீ, பரலோகராஜ்யம். வேதம் என்றால் இப்படித்தான் கடினமாக இருக்கும்போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். காரணம் வேறு. அந்த மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு செய்து 1871-ல் முழுமையாக வந்தது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சானது 1879-ல். பாரதி பிறந்தது 1882-ல். அதாவது நம் உரைநடை இன்னும் நடைபழகிக்கொண்டிருந்த காலத்துத் தமிழ் அது. பைபிளின் வயதும் அந்தத் தமிழின் வயதும் ஒன்றில்லை. மாற்கு எழுதிய கிரேக்கம் பண்டிதக் கிரேக்கம்கூட இல்லை, சந்தையில் புழங்கிய கிரேக்கம்.

அந்த 1871-ம் சும்மா வந்துவிடவில்லை. சீகன்பால்குவுக்குப் பிறகு பப்ரிசியஸ். அவர் புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது, பழைய ஏற்பாடு அச்சாகி முடிவதற்குள் மனிதர் இறந்தே போனார். பிறகு ரேனியஸ் அதைத் திருத்த முனைந்தபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். பப்ரிசியஸின் சொற்கள்தான் அவர்கள் ஜெபித்த, அழுத, பிள்ளைகளைப் புதைத்த சொற்கள். அதில் கைவைக்க நீ யார் என்பதுபோன்ற கோபம். கடவுளை என்ன பெயரில் கூப்பிடுவது என்பதிலேயே ஒற்றுமை கிடையாது. சீகன்பால்குவுக்கு சருவேசுரன், பப்ரிசியஸுக்கும் ரேனியஸுக்கும் பராபரன், பவருக்கு தேவன், 1995-க்குக் கடவுள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் பல வருடச் சண்டை.

அதனால்தான் இரண்டு தமிழை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒரு கையில் 1871, இன்னொரு கையில் 1995. இரண்டும் போனிலேயே கிடைக்கும். ஓர் உதாரணம் போதும். யோவான் இரண்டாம் அதிகாரம், கானா ஊர்க் கல்யாணம். திராட்சை ரசம் தீர்ந்துவிட்டது என்று தாய் வந்து சொல்கிறாள். மகன் பதில் சொல்லும்போது அவளை எப்படி அழைக்கிறார்? பழைய மொழிபெயர்ப்பில் 'ஸ்திரீயே'. புதியதில் 'அம்மா'. கிரேக்கத்தில் இருப்பது 'பெண்ணே' என்ற விளி. அந்த மொழியில் அது அவமரியாதை இல்லை, ஆனால் ஒரு மகன் தாயை அழைக்கும் சாதாரணச் சொல்லும் இல்லை. தமிழில் எவனாவது பெற்றவளை ஸ்திரீயே என்பானா? மாட்டான். அதற்காக 'அம்மா' என்று போட்டால் அந்த விலகல் காணாமல் போய்விடுகிறது. முதலாமவர் தமிழை விட்டுக்கொடுத்தார், இரண்டாமவர் விலகலை விட்டுக்கொடுத்தார். ஒரே ஒரு மொழிபெயர்ப்பை வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு பிரச்சினை இருந்ததே தெரியாது.

தமிழுக்கென்றே உள்ள தலைவலி இன்னொன்று, மரியாதை விகுதி. கிரேக்க வினைச்சொல்லில் 'சொன்னான்', 'சொன்னார்' என்ற பிரிவு கிடையாது. தமிழில் ஒவ்வொரு வினைக்கும் மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்தாக வேண்டும். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப்போய்க் காப்பாற்றிய ஆள் பழையதில் சமாரியன், புதியதில் சமாரியர். யூதர்கள் தொடத் தயங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவன் அவன். 'அர்' போட்டால் அவனுக்கு மரியாதை கிடைத்துவிடும். கேட்டுக்கொண்டிருந்த யூதனுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அதிர்ச்சி குறைந்துவிடும். யாரை 'வாடா' என்பது, யாரை 'வாங்க' என்பது என்று தெருவுக்குத் தெரு கணக்கு வைத்திருக்கும் மாவட்டத்தில் வளர்ந்தவருக்கு இந்த ஒரு எழுத்தின் எடை நன்றாகவே தெரியும். இதை எந்த ஆங்கில உரைநூலும் உங்களுக்குச் சொல்லாது.

தனியாக வாசிப்பவர் கையோடு கொண்டுவருகிற சரக்கு என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் மதிப்பதில்லை. எங்கள் ஊரிலேயே காட்டுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. கொலு பொம்மை, கோப்பை, மின்சாரத்துக்கான பீங்கான் சாமான் என்று சின்னச் சின்னப் பட்டறைகள். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் உண்டு. அதில் படிக்கிற ஒருவர் எரேமியா 18-ஆம் அதிகாரத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடவுள் எரேமியாவைக் குயவன் வீட்டுக்குப் போகச் சொல்கிறார். சக்கரத்தில் வனைந்துகொண்டிருந்த பாத்திரம் கையிலேயே கெட்டுப்போகிறது. குயவன் அதே மண்ணைத் திரட்டி வேறொன்றாக வனைகிறான். இந்தக் காட்சி எல்லாப் பிரசங்கத்திலும் வரும், பாட்டிலும் வரும். மண் நாம், குயவன் அவர். பெரும்பாலான பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த அதிகாரத்தைப் புரட்டுங்கள். 19-ல் எரேமியா குயவனிடமிருந்து ஒரு மண்ஜாடியை விலைக்கு வாங்குகிறார். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஓட்டாஞ்சல்லி வாசல் பக்கமுள்ள பள்ளத்தாக்குக்குப் போய், எல்லோர் கண்ணெதிரே போட்டு உடைக்கிறார். இதை மறுபடி ஒட்டவைக்க முடியாததுபோல இந்த நகரம் உடையும் என்கிறார்.

சூளை பார்த்த பையனுக்கு இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 18-ல் இருப்பது பச்சை மண். எத்தனை முறை கெட்டாலும் தண்ணீர் தெளித்து மறுபடி பிசையலாம். 19-ல் இருப்பது சுட்ட ஜாடி. களிமண்ணை 500, 600 டிகிரி செல்சியஸுக்கு மேலே கொண்டுபோனால் அதன் படிகத்துக்குள் கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறிவிடும். பிறகு அதைப் பொடித்து எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பழைய களிமண் திரும்பாது. பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணனிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். அவருக்கு எரேமியா யாரென்றே தெரியாது. "பச்சையா இருக்கிறப்ப நூறு தப்பு பண்ணலாம் தம்பி. சூளைக்குள்ள போயிட்டா அவ்ளோதான்" என்றார். இரண்டு அதிகாரங்களையும் ஒன்றாக வைத்தால் அது ஆறுதல் மட்டும் அல்ல. கெடு குறிக்கப்பட்ட எச்சரிக்கை. மனம் மாற அவகாசம் உண்டு, அந்த அவகாசத்துக்கு முடிவும் உண்டு. எரேமியாவின் ஆட்கள் திருந்தவில்லை. 20-ஆம் அதிகாரத்தில் அவரை அடித்துத் தொழுவில் மாட்டுகிறார்கள்.

மண் விஷயம் வந்ததால் இன்னொன்று. 1935-ல் லாகீஸ் என்ற பழைய யூதேயக் கோட்டையைத் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. எரேமியா உயிரோடிருந்த காலத்தவை, பாபிலோன் படை எருசலேமை முடித்ததற்கு (கி.மு. 587 வாக்கில்) சற்று முன்னால் எழுதப்பட்டவை. ஒன்றில் ஒரு காவல் அதிகாரி, லாகீஸின் தீ அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்கா தெரியவில்லை என்று எழுதியிருக்கிறான். எரேமியா 34-ல், அரண் உள்ள நகரங்களில் கடைசியாக மிஞ்சியவை என்று சொல்லப்படும் பெயர்கள் லாகீஸும் அசெக்காவும். கீழடி ஓட்டில் ஒரு பெயரைப் பார்த்துச் சிலிர்த்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எரேமியாவைப் படிக்கும்போது ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காந்தி வாங்கிய பதிப்பில்கூட இருந்ததே.

மாற்கு முடிந்து, ரூத் (நாலே அதிகாரம், மாமியார் மருமகள் கதை, ஏமாற்றாது), யோனா, எரேமியா என்று வந்தவர் கடைசியில் அந்தப் பயங்கரமான இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். லேவியராகமம். எத்தனையோ பேர் விட்டுவிட்டு ஓடிய புத்தகம். எந்த மிருகத்தைப் பலியிடுவது, ரத்தத்தை எங்கே தெளிப்பது, எண்ணெய் எவ்வளவு, தீட்டு எத்தனை நாள், விளக்கு யார் ஏற்றுவது. நவீன வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது?

அதை ஆழமாகப் படித்த தமிழர்களில் ஒருவர் கிறிஸ்தவரே அல்ல. நல்லூர் ஆறுமுக நாவலர், 1822-ல் பிறந்தவர். யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் பள்ளியில் படித்து, அங்கேயே பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850-ல் வந்தது. தமிழகத்துச் சபைகள் அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை. வருடக்கணக்காக வரிவரியாகப் படித்தவர் கிறிஸ்தவராகவில்லை. 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். மிஷனரிகள் சைவரைப் பார்த்து விக்கிரகம், தீபம், அபிஷேகம், தீட்டு என்று கேலி செய்தார்கள் அல்லவா? நாவலர் அவர்களுடைய பழைய ஏற்பாட்டையே திறந்து காட்டினார். கூடாரத்தில் விளக்கு எரியவில்லையா, தூபம் இல்லையா, எண்ணெய் அபிஷேகம் இல்லையா, ஆசாரியனுக்கு உடுப்பும் நியமமும் இல்லையா என்று. பாதிரிமார் அவசரமாகத் தாண்டிப்போன பக்கங்கள் அவருக்குப் பழகிய உலகமாக இருந்தன. மதம் மாற வேண்டும் என்றோ மாற்ற வேண்டும் என்றோ நினைக்காமலும் இந்த நூலை இவ்வளவு நெருங்கிப் படிக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. நோக்கம் வாதம்தான், ஆனால் வாசிப்பு நேர்மையானது.

பழைய தமிழாக்கத்தில் அந்த முதல் ஐந்து நூல்களின் பெயர்களைப் பாருங்கள். ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். ஐந்திலும் ஆகமம். கோயில் எப்படிக் கட்டுவது, பூசை எப்படிச் செய்வது என்று சொல்லும் நூல்களுக்கு சைவர்கள் வைத்திருந்த சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1995-ல் அவை தொடக்க நூல், விடுதலைப் பயணம், லேவியர், எண்ணிக்கை, இணைச் சட்டம் என்று மாறிவிட்டன. புரிகிறது, எளிமைக்காகத்தான். ஆனாலும் லேவியராகமத்தை மட்டும் பழைய பெயரோடு வாசித்துப் பாருங்கள் என்பேன்.

எங்கள் பழமலைநாதர் கோயிலுக்குள் 28 லிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. 28 சைவ ஆகமங்களுக்கு ஒவ்வொன்று, முருகன் பிரதிஷ்டை செய்தது என்பது ஐதீகம். அந்தப் பிரகாரத்தில் சுற்றி வளர்ந்த பிள்ளைக்குக் காலை பூசைக்கு முன் குருக்கள் ஏன் யாரையும் தொடுவதில்லை என்பது தெரியும், கருவறைக்குள் யார் போகலாம் என்பது தெரியும், யாரைப் போகவிடவில்லை என்பதும் தெரியும். லேவியராகமத்தில் பதினாறாம் அதிகாரத்தை முதலில் எடுக்கலாம். வருடத்துக்கு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆள் குளித்து, சணல்நூல் உடுப்பு மாற்றி, தூபப் புகைக்கு நடுவே திரைக்கு உள்ளே போகிறான்.